தட்டை எண்ணும் அப்பா: ஜப்பானியக் குடும்பங்கள் வெளியே பசியாறப் பழகிய கதை

சனிக்கிழமை மாலை. கடைத்தொகுதி ஒன்றின் மூன்றாம் மாடியில் ஒரு ஜப்பானிய உணவகம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், பாட்டி என ஐந்து பேர் ஒரு மேசையில். பக்கத்தில் பட்டை நகர்கிறது. அதன்மேல் சின்னச் சின்னத் தட்டுகளில் சுஷி ஊர்ந்து வருகிறது. பிள்ளைகள் எடுக்க எடுக்க, மேசை ஓரத்தில் காலித் தட்டுகள் கோபுரமாக உயர்கின்றன. சிவப்பு இத்தனை, பச்சை இத்தனை, தங்க நிறத்தில் ஒன்று. அப்பா பேசிக்கொண்டேதான் இருக்கிறார். ஆனால் கண் மட்டும் அந்தக் கோபுரத்தை விட்டு அகலவில்லை. "பச்சை மீனா? எனக்கு வேண்டாம்பா" என்று சொன்ன பாட்டிக்குச் சூடாக ஒரு கிண்ணம் ஊடோன் வந்துவிட்டது.

அப்பா தட்டை எண்ணுகிறாரே, கஞ்சத்தனமா என்று நினைக்க வேண்டாம். அவரால் எண்ண முடிகிறது என்பதுதான் அந்த உணவகத்தின் சாதனை. ஒரு காலத்தில் ஜப்பானில் சுஷி கடைக்குள் நுழைந்தவருக்கு எழுந்து வரும்வரை விலை தெரியாது. குடும்பத்தை அழைத்துக்கொண்டு அங்கே போகும் துணிச்சல் சாதாரணச் சம்பளக்காரருக்கு இருந்ததில்லை.

ஜப்பானிய உணவகங்களை ஒப்பிடும்போது பெரும்பாலும் மீன் புதியதா, அரிசி நல்லதா, சமையற்காரர் யார் என்றுதான் பேசுகிறோம். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு அளவுகோலே வேறு. உட்காருவதற்கு முன்பே விலை தெரியுமா? பிள்ளை சத்தம் போட்டால் முகம் சுளிப்பார்களா? பாட்டிக்கும் பேரனுக்கும் ஒரே மேசையில் சாப்பாடு கிடைக்குமா? இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் தேடிக் கண்டுபிடிக்க ஜப்பானுக்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஆயின. பல்பொருள் அங்காடிச் சாப்பாட்டுக்கூடம், சாலையோரக் குடும்ப உணவகம், சுழலும் சுஷிக் கடை என்று மூன்று வகை உணவகங்கள் அந்தத் தேடலில் பிறந்தன.

ஆண்களின் நகரம்

சற்றே பின்னோக்கிப் போவோம். தோக்கியோவின் பழைய பெயர் எடோ. 1721ல் எடுத்த கணக்கின்படி, சாமுராய் குடும்பங்களைச் சேர்க்காமல், அங்கிருந்த நகரவாசிகள் சுமார் 5 லட்சம் பேர். அவர்களில் ஆண்கள் 3 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேல். பெண்கள் 1 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் குறைவு. கட்டட வேலைக்கும் கடை வேலைக்கும் ஊரை விட்டு வந்த தனி ஆட்கள்தான் அந்த நகரத்தை நிரப்பியிருந்தார்கள். சமைத்துப் போட வீட்டில் ஆள் இல்லாதவனுக்குத் தெருவில் சாப்பாடு வேண்டும். சோபா நூடல்ஸ், தெம்புரா, சுஷி எல்லாம் நின்றுகொண்டே சாப்பிடும் தள்ளுவண்டிப் பண்டங்களாகச் செழித்தன. கையால் பிடித்துக் கொடுக்கும் சுஷி 1820களில் அந்தத் தெருக்களில்தான் பேர் எடுத்தது. கடலுக்கு இப்புறம், பெண்டு பிள்ளைகளை ஊரில் விட்டுத் தனியாளாக வந்தவர்களால் நம் சிராங்கூன் சாலைச் சாப்பாட்டுக் கடைகள் பிழைத்த கதை தெரிந்தவர்களுக்கு இது புதிதாக இராது.

பணக்காரர்களுக்கு வேறு உணவகங்கள் இருந்தன. தனி அறை, தோட்டம், பாட்டு, நாட்டியம் எல்லாம் அங்கே உண்டு. அங்கேயும் போனவர்கள் ஆண்களே. மனைவியும் மக்களும் வீட்டில். விருந்தாளி வந்தால் பக்கத்துக் கடையிலிருந்து வீட்டுக்கு வரவழைப்பார்கள். அம்மா, அப்பா, பிள்ளைகள் சேர்ந்து ஓர் உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது என்ற பழக்கமே அன்று இல்லை.

கொடி நட்ட சோறு

அந்தப் பழக்கத்தைத் தொடங்கி வைத்தது ஒரு துணிக்கடை என்றால் நம்புவீர்களா? தோக்கியோ நிஹோன்பாஷியில் இருந்த மிட்சுகோஷி பல காலம் கிமோனோத் துணி விற்ற கடை. அது பல்பொருள் அங்காடியாக மாறி, 1907ல் உள்ளேயே ஒரு சாப்பாட்டுக்கூடமும் திறந்தது. துணி எடுக்க வரும் பெண்கள் பசியால் சீக்கிரம் வீடு திரும்பிவிடக் கூடாது என்பது வணிகக் கணக்கு. விளைவோ பெரிது. நல்ல குடும்பத்துப் பெண் ஒருத்தி, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, யாரும் தவறாகப் பேசாதபடி வெளியே உட்கார்ந்து சாப்பிட ஓர் இடம் கிடைத்துவிட்டது.

1923 செப்டம்பர் முதல் தேதி வந்த பெரும் பூகம்பம் தோக்கியோவைத் தரைமட்டமாக்கியது. மீண்டும் கட்டியபோது அங்காடிகளின் பழக்கமும் மாறியது. அதுவரை வாசலில் காலணியைக் கழற்றி ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மழைநாளில் நான்கு பிள்ளைகளின் செருப்பைக் கழற்றி மாட்டும் வேலை எப்படிப்பட்டது என்பது தாய்மாருக்குத் தெரியும்! பூகம்பத்துக்குப் பின் காலணியோடு நுழையலாம் என்றானது. கூட்டம் அலைமோதியது.

கூட்டத்தைச் சமாளிக்க இரண்டு யோசனைகள் வேரூன்றின. ஒன்று, நுழைவிடத்தில் முன்கூட்டியே காசு கட்டி வாங்கும் சாப்பாட்டுச் சீட்டு. மற்றொன்று, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த மெழுகுச் சாப்பாடு. சோறு, மீன், சூப், இறால் பொரியல் எல்லாம் அசலைப்போலவே மெழுகில் செய்து, பக்கத்தில் விலையையும் எழுதி வைத்தார்கள். கிஃபு வட்டாரத்தின் குஜோ ஹாச்சிமான் ஊரில் பிறந்த இவாசாக்கி தாகிசோ 1932ல் ஒசாகாவில் இதைத் தனித் தொழிலாகவே தொடங்கினார். மனைவி செய்து கொடுத்த ஆம்லெட்டைப் பார்த்து அவர் மெழுகில் வார்த்ததே முதல் மாதிரி என்பார்கள். பின்னாளில் மெழுகு போய்ப் பிளாஸ்டிக் வந்தது.

இதை வேடிக்கைப் பொருளாகப் படமெடுத்துக்கொண்டு வரும் சுற்றுப்பயணிகள் அதன் உண்மையான வேலையைக் கவனிப்பதில்லை. புதிய மேற்கத்திய உணவின் பெயர் தெரியாதவருக்கு அது விரலால் சுட்டிக்காட்ட ஒரு படம். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் அதுவே பட்டியல். எல்லாவற்றுக்கும் மேலாக, அப்பா அந்தக் கண்ணாடிக்கு வெளியே நின்று மனத்துக்குள் கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம். கையில் இருப்பது போதாதென்றால் யாருக்கும் தெரியாமல் நடையைக் கட்டலாம். மானம் போகாது.

1930 டிசம்பரில் மிட்சுகோஷியின் சாப்பாட்டுக்கூடப் பொறுப்பாளர் ஆண்டோ தாரோ இன்னொன்று செய்தார். பிள்ளைகளுக்கென்றே ஒரு தட்டு. அதில் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம். நடுவில் மலைபோல் குவித்த சோறு, அதன் உச்சியில் ஒரு குட்டிக் கொடி. மலையேற்றத்தில் பிரியம் கொண்ட மனிதர் அவர். விலை 30 சென். அந்நாளில் ஜப்பானிலும் சென் உண்டு. 100 சென் ஒரு யென். மறு ஆண்டே உவேனோவிலுள்ள மாட்சுசாகாயா அங்காடி அதே மாதிரித் தட்டுக்கு 'ஒகோசாமா லஞ்ச்' என்று பெயர் வைத்தது. அந்தப் பெயரே நிலைத்தது. உலகமே பொருளாதார மந்தத்தில் தவித்த நேரம் அது. அப்படிப்பட்ட நாளில் பிள்ளையை விருந்தாளியாக மதித்து அதற்கென ஒரு தட்டை வைத்த கடையைப் பெற்றோர் மறப்பார்களா?

ஒசாகாவின் கதை இன்னும் சுவையானது. ரயில் நிறுவனம் நடத்திய கோபயாஷி இச்சிசோ 1929ல் உமேடா ரயில் நிலையத்திலேயே ஹான்கியூ அங்காடியைத் திறந்தார். அதன் மேல்மாடியில் பெரிய சாப்பாட்டுக்கூடம். அங்கே பேர் பெற்றது கறிச்சோறு. விலை 20 சென். மந்தம் முற்றியபோது அந்த 20 சென்னும் இல்லாதவர்கள் வந்தார்கள். 5 சென் கொடுத்து வெறும் சோறு மட்டும் வாங்கி, மேசையில் இலவசமாக வைத்திருந்த சாஸை ஊற்றிச் சாப்பிட்டுப் போனார்கள். மற்ற கடைகளில் விரட்டியிருப்பார்கள். கோபயாஷியோ வெறும் சோறு கேட்பவர்களையும் வரவேற்கிறோம் என்று அறிவிப்பு வைக்கச் சொன்னார். இன்று கையில் காசில்லாத இந்த இளைஞர்கள் நாளை கல்யாணம் செய்து பிள்ளை குட்டிகளோடு இதே கூடத்துக்கு வருவார்கள் என்பது அவர் கணக்கு என்று சொல்லப்படுகிறது. வியாபாரியின் கணக்குதான். ஆனாலும் குடும்ப உணவகம் என்றால் என்ன என்பதை அவ்வளவு தெளிவாகப் புரிந்துகொண்டவர் அன்று வேறு யாரும் இல்லை.

அதே காலத்தில் தோக்கியோவின் ஷின்ஜுகுவில் இன்னொரு கறிச்சோறும் கிடைத்தது. நகமுராயா என்ற ரொட்டிக்கடை 1927ல் தன் உணவகத்தில் பரிமாறத் தொடங்கிய இந்தியக் கறி அது. அதைக் கற்றுக் கொடுத்தவர் வேறு யாருமல்ல, பிரிட்டிஷாரிடமிருந்து தப்பி ஜப்பானில் அடைக்கலம் புகுந்த ராஷ் பிஹாரி போஸ். கடைக்காரரின் மருமகனும் ஆனவர். 1943 ஜூலை 4ஆம் தேதி சிங்கப்பூர் கேத்தே அரங்கில் இந்திய சுதந்திரச் சங்கத்தின் தலைமையை நேதாஜியிடம் ஒப்படைத்தாரே, அவரேதான். எலும்போடு கோழி, நல்ல மசாலா. விலை மட்டும் 80 சென். ஹான்கியூவின் கறியைவிட நான்கு மடங்கு! சுவையில் எது உயர்ந்தது என்பதில் வாதமே இல்லை. ஆனால் நான்கு பேர் கொண்ட குடும்பம் எங்கே போயிருக்கும் என்பதிலும் வாதத்துக்கு இடமில்லை.

பிறகு போர் வந்தது. இங்கே நம் பாட்டன் பாட்டிமார் ஜப்பானியர் ஆட்சியில் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தார்கள். அங்கேயும் அரிசி பங்கீட்டுக்குப் போனது. போர் முடிந்த பின்னும் பஞ்சம் தீரவில்லை. 1947ல் அரசாங்கம் உணவகங்களையே மூடச் சொன்னது. சுஷிக்காரர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வாடிக்கையாளர் தன் பங்கு அரிசியைக் கொண்டுவர வேண்டும். கடைக்காரர் அதைச் சுஷியாகப் பிடித்துக் கொடுத்துக் கூலி மட்டும் வாங்குவார். ஒரு கோ, அதாவது ஒரு சிறு படி அரிசிக்குப் பத்துச் சுஷி. சாப்பாடு விற்கவில்லை, கூலி வேலைதான் செய்கிறோம் என்று சட்டத்துக்குப் பதில்!

விலை சொல்லாத சுஷி

நாடு தலைநிமிர்ந்த 1950களில் சுஷி விலை உயர்ந்த பண்டமாகிவிட்டது. பலகைக்கு அந்தப் பக்கம் சமையற்காரர், இந்தப் பக்கம் ஆறேழு நாற்காலி. சுவரில் மீனின் பெயர் தொங்கும், விலை தொங்காது. கேட்டால் அன்றைய சந்தை விலை என்பார்கள். தன்மானமுள்ள ஆண் கேட்கவும் மாட்டான். சம்பள நாளில் அப்பா மட்டும் நண்பர்களோடு போய்வருவார். இரவில் தள்ளாடி வரும்போது நூலில் கட்டிய ஒரு சுஷிப் பெட்டி கையில் ஊசலாடும். அது வீட்டாருக்கான சமாதானக் காணிக்கை. ஜப்பானியக் கேலிச்சித்திரங்களில் அந்தப் பெட்டி பல ஆண்டுகள் இடம்பெற்றது.

ஒசாகாவுக்குக் கிழக்கே சிறு பட்டறைகள் நிறைந்த பகுதியில் கடை நடத்தியவர் ஷிராய்ஷி யோஷியாக்கி. அவரிடம் வந்தவர்கள் பட்டறைத் தொழிலாளிகள். மலிவாகத் தர வேண்டும். கடையில் ஆட்களோ போதவில்லை. ஒருநாள் பீர் தொழிற்சாலை ஒன்றைச் சுற்றிப் பார்க்கப் போனவர், அங்கே புட்டிகள் பட்டையில் வரிசையாக நகர்வதைக் கண்டார். சுஷியும் ஏன் இப்படி வரக்கூடாது? கேட்கச் சுலபம். மூலையில் தட்டுகள் ஒன்றோடொன்று மோதாமல் திரும்ப வேண்டும். வேகம் கூடினால் மீன் காயும், கையும் பதறும். குறைந்தால் பசித்தவருக்குப் பொறுமை போகும். கடைசியில் வினாடிக்கு 8 சென்டிமீட்டர் என்று வகுத்தார். 1958ல் முதல் சுழலும் சுஷிக் கடை திறந்தது. பெயர் கென்ரோகு சுஷி. 1962ல் கண்டுபிடிப்பு உரிமையும் பதிவானது.

பட்டையைத்தான் எல்லாரும் புகழ்கிறார்கள். ஆனால் குடும்பங்களுக்கு உண்மையில் கதவைத் திறந்தது தட்டுதான். தட்டுக்கு ஒரு விலை. எத்தனை தட்டு அடுக்கியிருக்கிறதோ அத்தனை விலை. கேட்க வேண்டியதில்லை, வெட்கப்பட வேண்டியதில்லை. மெழுகுச் சாப்பாட்டின் பக்கத்தில் எழுதிய விலை செய்த அதே வேலையை இங்கே தட்டு செய்தது.

வானம்பாடி இறங்கிய சாலை

1970 மார்ச் முதல் செப்டம்பர் வரை ஒசாகாவில் உலகக் கண்காட்சி. 6 கோடியே 42 லட்சம் வருகைகள் பதிவாயின. அந்தக் கண்காட்சியில் சுழலும் சுஷியும் இடம்பெற்றது. அமெரிக்கப் பொரித்த கோழியும் இடம்பெற்றது. முந்திய ஆண்டில்தான் அரசாங்கம் உணவகத் தொழிலில் வெளிநாட்டு முதலீட்டுக்கு வழிவிட்டிருந்தது. 1971 ஜூலையில் மெக்டோனல்ட்ஸ் தோக்கியோ கின்சாவில், அதே மிட்சுகோஷியின் கிளைக் கட்டடத்தில், முதல் கடையைத் திறந்தது.

ஆனால் குடும்பங்களின் பழக்கத்தை மாற்றியவர்கள் உள்ளூர்க்காரர்கள். தோக்கியோவின் மேற்கே ஹிபாரிகாஓகா என்ற பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு 1959ல் எழுந்தது. ஏறக்குறைய நம் வீவக பேட்டை மாதிரி. அதனருகே யோகோகாவா குடும்பத்து நான்கு சகோதரர்கள் 1962ல் மளிகைக்கடை வைத்தார்கள். பெரிய அங்காடிகள் வந்ததும் வியாபாரம் தேய்ந்தது. தொழிலை மாற்றினார்கள். 1970 ஜூலை 7ஆம் தேதி, குனிதாச்சி பக்கம் நெடுஞ்சாலை ஓரத்தில், கார் நிறுத்த இடத்தோடு ஓர் உணவகம் திறந்தார்கள். 'ஹிபாரி' என்றால் வானம்பாடி. ஆங்கிலத்தில் ஸ்கைலார்க். கடைக்கு அந்தப் பெயரே ஆனது.

ராயல் ஹோஸ்ட் 1971ல் கித்தாகியூஷூவில் வந்தது. டென்னிஸ் 1974ல் யோகோஹாமாவில். மூன்றும் ஒரே வாய்ப்பாடு. பெரிய கண்ணாடிச் சன்னல், முதுகு உயர்ந்த மெத்தை இருக்கை, கையில் கொடுக்கும் பட்டியலில் வண்ணப்படமும் விலையும், காசு கட்டும் இடத்தில் பிள்ளைகளை இழுக்கும் சின்ன பொம்மைகள். அடுக்குமாடி வீட்டில் குடியேறிய இளம் தம்பதிக்குக் கார் கிடைத்திருந்தது. மாமியார் கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு வேளை அடுப்பு மூட்டாமல் இருக்க அம்மாவுக்கு முதன்முறையாக அனுமதியும் கிடைத்தது. அந்த அனுமதியைத்தான் இந்த உணவகங்கள் விற்றன. அரைத்த மாட்டிறைச்சிக் கட்லட், இறால் பொரியல், சோறு. மத்தியச் சமையற்கூடத்தில் தயாராகி லாரியில் வந்ததால் எந்தக் கிளையில் சாப்பிட்டாலும் ஒரே ருசி. அதைக் குறையாகச் சொன்னவர்களும் உண்டு. குறைதான். ஆனால் இரண்டு சின்னப் பிள்ளைகளோடு அறியாத ஊரில் கார் ஓட்டிப் போகும் குடும்பத்துக்குப் புதுமையைவிடப் பழகிய ருசியே ஆறுதல்.

நம் ஊர் நேயர்களுக்கு ஒரு நினைவூட்டல். சிங்கப்பூரில் 1972ல் இசேட்டானும், 1974ல் பிளாசா சிங்கப்பூராவில் யாவோஹானும் திறந்தன. குடும்பமாகக் கடைக்குப் போய் அங்கேயே எதையாவது கொறித்துவிட்டு வரும் ஜப்பானியப் பழக்கத்தின் வாடை அப்போதுதான் இங்கே முதலில் வீசியது. சிங்கப்பூர் யாவோஹான் மூடிப் பல காலமாகிவிட்டது. அதன் அவரைப் பாகு ரொட்டியை மறக்காதவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

எது மேல்?

ஷிராய்ஷியின் உரிமை 1978ல் காலாவதியானது. அணை உடைந்த மாதிரிப் புதிய நிறுவனங்கள் கிளம்பின. குரா சுஷி, கப்பா சுஷி, 1984ல் சுஷிரோ. 1981ல் சுசுமோ என்ற நிறுவனம் சோற்றைப் பிடித்துக் கொடுக்கும் இயந்திரத்தையும் செய்துவிட்டது. பத்தாண்டு பயிற்சி பெற்ற கைக்குப் பதில் இயந்திரம். கடைகள் நகர நடுவிலிருந்து கார் நிறுத்த இடமுள்ள புறநகருக்குப் போயின. நாற்காலி வரிசையை எடுத்துவிட்டு, பட்டையைத் தொட்டபடி குடும்ப மேசைகளைப் போட்டன. எல்லாத் தட்டும் 100 யென். சூடான ஊடோன், பொரித்த கோழி, முட்டைப் புட்டிங், கேக் எல்லாம் பட்டையில் ஏறின. மீன் பிடிக்காத பேரனுக்கும் வழி பிறந்தது. ஐந்து காலித் தட்டைத் துவாரத்தில் போட்டால் திரையில் குலுக்கல் ஓடும், அதிர்ஷ்டமிருந்தால் பொம்மை விழும் என்ற ஏற்பாட்டைக் குரா சுஷி 2000ல் கொண்டுவந்தது. இன்னும் ஒரு தட்டு என்று பிள்ளைகள் அடம் பிடிப்பதும், கணக்குப் பார்த்த அப்பா தோற்பதும் அன்று முதல்தான்!

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பரந்த மனம் அங்காடிச் சாப்பாட்டுக்கூடத்துக்குத்தான். தாத்தாவுக்குச் சோபா, அப்பாவுக்குக் கட்லட், பாட்டிக்குச் சுஷி, பேரனுக்குக் கொடி நட்ட சோறு, எல்லாம் ஒரே மேசையில் வந்தன. ஆனால் அது வருடத்தில் சில நாட்களுக்கு உடுத்திக்கொண்டு போகும் இடம். குடும்ப உணவகத்துக்கு வீட்டுச் சட்டையோடே போகலாம். எவ்வளவு நேரமும் உட்காரலாம். வயதானவர்களுக்குத்தான் பட்டியலில் பிடித்தது குறைவு. சுழலும் சுஷியில் காத்திருக்கும் வேதனை இல்லை. பசித்த மூன்று வயதுப் பிள்ளையோடு உட்கார்ந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். ஆனால் அங்கே பேச்சு குறைகிறது. எல்லார் கண்ணும் பட்டையில்! சாப்பாடு ஓர் ஆட்டமாகிவிடுகிறது. சாப்பிட்டு முடித்ததும் எழுந்துவிட வேண்டியதுதான். பேசுவதற்காகக் குடும்பத்தோடு போகிறவர்கள் மெத்தை இருக்கையையே தேடுவார்கள்.

1990களின் தொடக்கத்தில் ஜப்பானியப் பொருளாதாரக் குமிழி உடைந்தது. சம்பளம் உயரவில்லை. ஸ்கைலார்க் நிறுவனம் 1992ல் காஸ்டோ என்ற மலிவுக் கடையைத் தொடங்கியது. முட்டை வைத்த கட்லட் 380 யென். பானங்களை வாடிக்கையாளரே வேண்டிய மட்டும் ஊற்றிக் குடிக்கலாம். ஒன்றன்பின் ஒன்றாகப் பழைய ஸ்கைலார்க் கடைகள் காஸ்டோவாக மாறின. 2009 அக்டோபரில் கவாகுச்சியில் இருந்த கடைசி ஸ்கைலார்க் கடையும் மூடியது. சைசெரியா என்ற இத்தாலியப் பாணி உணவகம் இன்னும் கடுமையாக விலையைப் பிடித்துவைத்தது. இயற்பியல் படித்த ஷோகாக்கி யாசுஹிகோ வளர்த்த நிறுவனம் அது. ஆளே வராத கடையில் விலையை 70 விழுக்காடு குறைத்து வரிசை நிற்க வைத்தவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். வெண்சாஸ் ஊற்றி வாட்டிய அதன் சோற்றுத் தட்டு இருபது ஆண்டுகளாக 290 யென். 2020ல்தான் 300 ஆனது. அதுவும் சில்லறைக் காசைத் தவிர்ப்பதற்காக.

நூறு யென்னின் முடிவு

சுஷிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. மீனின் விலையும் எரிபொருள் விலையும் ஏற, யென் மதிப்பு இறங்க, 2022 அக்டோபரில் சுஷிரோவின் மிக மலிவான தட்டு வரியோடு 110 யென்னிலிருந்து 120 ஆனது. பத்து யென்தானே என்று தோன்றும். ஆனால் 100 என்ற எண்ணைக் கொண்டு ஒரு தலைமுறைத் தந்தையர் மனக்கணக்குப் போட்டிருந்தார்கள்.

அடுத்த அடி 2023 ஜனவரியில் விழுந்தது. கிஃபு நகரக் கடை ஒன்றில் ஓர் இளைஞர் சோயாசாஸ் புட்டியின் வாயையும் தேநீர்க் கோப்பையையும் நக்குவதைப் படமெடுத்து இணையத்தில் பரப்பினார்கள். நாடே அதிர்ந்தது. பிறர் கை படக்கூடிய தட்டை நம்பிப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா என்ற கேள்வி எழுந்தது. சில பெரிய நிறுவனங்கள் சுஷியைச் சும்மா சுழல விடுவதையே நிறுத்தின. திரையைத் தொட்டுக் கேட்டால் உங்கள் மேசைக்கு மட்டும் தட்டு பாய்ந்து வரும். சுத்தம்தான், வேகம்தான். ஆனால் அடுத்து என்ன வருமோ என்று பட்டையின் வளைவை எட்டிப் பார்க்கும் பிள்ளைக்கு அங்கே இடமில்லை. குடும்ப உணவகங்களிலும் அப்படியே. ஸ்கைலார்க் குழுமம் 2022 முடிவதற்குள் பூனை முகம் கொண்ட பரிமாறும் ரோபோக்களைச் சுமார் 3,000 வரை இறக்கியது. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். கொண்டுவந்து வைக்க ஆள் கிடைக்காததே காரணம்.

அங்காடிச் சாப்பாட்டுக்கூடங்களோ அங்காடிகளோடு சேர்ந்து மறைந்துகொண்டிருக்கின்றன. வடக்கே இவாத்தே வட்டாரத்தின் ஹானமாகி சிறு நகரம். அங்கே மாருகான் அங்காடியின் 6ஆம் மாடிச் சாப்பாட்டுக்கூடம் 1973 முதல் ஊரின் ஞாயிற்றுக்கிழமையாக இருந்தது. கட்டடம் பூகம்பத்தைத் தாங்காது, பழுதுபார்க்கப் பணம் இல்லை என்று 2016 ஜூன் 7ஆம் தேதி அங்காடி மூடியது. கடைசி நாட்களில் படிக்கட்டு வழியெங்கும் வரிசை. துணி விற்ற மாடிகள் போனதற்கு ஊர் அவ்வளவாக வருந்தவில்லை. சாப்பாட்டுக்கூடத்தை விட மாட்டோம் என்றது. உள்ளூர் உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் தெருத்தெருவாகக் கையெழுத்து வாங்கினார்கள். ஊர் இளைஞர்கள் தொடங்கிய ஒரு நிறுவனம் பொறுப்பெடுத்தது. நன்கொடை திரண்டது.

2017 பிப்ரவரி 20ஆம் தேதி கூடம் மீண்டும் திறந்தது. அதே மேசைகள், அதே கண்ணாடிப் பெட்டியில் மாதிரிச் சாப்பாடு, அதே சீட்டு வாங்கும் முறை. இடையில் உள்ள மாடிகள் இருண்டு கிடக்க, மின்தூக்கி மக்களை நேராக 6ஆம் மாடிக்கு ஏற்றிச் சென்றது. அங்கே பேர்போனது பத்து அடுக்காகச் சுற்றி நிறுத்திய ஐஸ்கிரீம். ஏறக்குறைய ஒரு சாண் உயரம். நாக்கால் நக்கினால் சாய்ந்துவிடும். ஆகவே ஊர்க்காரர்கள் அதைக் குச்சிகளால் பக்கவாட்டில் வெட்டி வெட்டி எடுத்துச் சாப்பிடுகிறார்கள். குச்சி பிடிக்கத் தெரியாத பேரனுக்கு அந்த வித்தையைத் தாத்தா சொல்லிக் கொடுக்கிறார். தாத்தாவுக்கு அது தெரிந்ததும் அதே கூடத்தில்தான்.